மயில்கழுத்து ஒன்று

சின்ன காஞ்சிபுரம்
19.3.2025, புதன்

திருமதி துளசி அவர்களுக்கு,

துர்கா எழுதுவது. உங்கள் தம்பி குருவின் மனைவி துர்கா. வேறு துர்காக்களோடும் நீங்கள் சண்டை போட்டிருக்கலாம் என்பதால் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை போனில் நடந்ததற்குப் பிறகு, உங்களோடு இனி வாய் திறந்து பேசமாட்டேன் என்று வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். அன்றைக்கே தென்னேரியில் நீங்களும் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அதே சத்தியத்தைச் செய்ததாக இவர் சொன்னார். நல்லது. ஆனால் இரண்டு பேரும் சத்தியம் செய்தது வாயைப் பற்றித்தான். கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று இவர் சொல்லிப் பார்த்தார். வாட்ஸ்அப்பில் எழுதுவதை "பேசிக்கினு இருந்தோம்" என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? அப்படியானால் அதுவும் பேச்சில் சேர்ந்துவிடும். காகிதம்தான் பத்திரம். ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் இவரே சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து தருவார். "நான் என்ன புறாவா?" என்று கேட்டார்.

இனி விஷயம். உங்களுக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

குளிர்காலத்துக்கு இங்கே வந்த பறவைகள் வடக்கே திரும்பிப் போவதை எண்ணுகிற வலசைக் கணக்கில் என்னைச் சேர்த்துவிட்டது நீங்கள். உங்களுக்குத் தென்னேரி ஏரி, எனக்கு எங்கள் தெருக்கோடியில் இருக்கிற குழந்தைகள் பூங்கா. நான் சீட்டில் எழுதி அனுப்புவதை நீங்கள் உங்கள் இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். ஏற்ற மட்டும்தான் வேண்டும். மார்ச் 9-ஆம் தேதிச் சீட்டில் நான் எழுதியது "மயில்கழுத்து 1". நீங்கள் ஏற்றியது "மயில் 1".

மயில்கழுத்து என்பது ஒரு கலர். பட்டு நெய்கிற ஊரிலிருந்து வந்த சீட்டில் மயில்கழுத்து என்று இருந்தால் அது கலராகத்தான் இருக்கும் என்று தோன்ற வேண்டாமா? அந்தப் பறவையின் பேர் தெரியவில்லை, கலரைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு புத்தகத்தில் தேடலாம் என்று இருந்தேன். அதற்குள் பூங்காவில் மயில் வந்திருக்கிறது என்று யாரோ யூடியூபில் போட்டு, அறுபது பேர் வந்து, குழந்தைகள் மணலை மிதித்து, சறுக்குமரத்தில் ஏறி நின்று தேடினார்கள். தோட்டக்காரர் கண்ணாயிரம் பொறுத்துப் பார்த்துவிட்டு கேட்டைப் பூட்டி "உள்ளே மயில் உள்ளது. வராதீர்" என்று போர்டு மாட்டிவிட்டார். கீரை விற்கிற எல்லம்மாள் என்னை மயிலம்மா என்று கூப்பிடுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

பூவிழிக்குப் பத்தொன்பது மாதம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை இல்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, தண்ணீர் வேண்டும் என்றால்கூட டம்ளரைத்தான் காட்டுகிறாள். காது நன்றாக இருக்கிறது, வெளியே கூட்டிப்போங்கள், பார்ப்பதையெல்லாம் பேர் சொல்லிக் காட்டுங்கள் என்றார் டாக்டர். அதற்காகத்தான் நான் இந்தப் பறவை வேலைக்கே ஒத்துக்கொண்டேன். காகம், மைனா, அணில் என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். (அணில் பறவை இல்லை என்று எனக்கும் தெரியும்.) இப்போது அந்தப் பூங்காவும் பூட்டிக்கிடக்கிறது.

கணக்கு முடிகிற ஏப்ரல் 20-க்குள் அந்த மயிலை எடுத்துவிடவும்.

இப்படிக்கு,
துர்கா குரு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

*

தென்னேரி
21.3.2025

துர்காவுக்கு,

திருமதியாம், அவர்களுக்காம். உன் கல்யாணத்துல உனக்குப் புடவை கட்டிவிட்டது யாருன்னு யோசிச்சுப் பாரு. பி.எஸ்ஸி. வேற கீழே. நான் ப்ளஸ் டூ தாயே, தெரியாம மயிலை ஏத்திட்டேன்.

பல்லியைத் தொடறது தோஷம் போறதுக்கு. சத்தியம் பண்றதுக்கு இல்ல. அது செல்லுமான்னு யாராவது பட்டரைக் கேளு.

மயில்கழுத்துன்னா கலருன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்டயே ரெண்டு புடவை இருக்குது. நீ அனுப்புன பழைய சீட்டை எல்லாம் எடுத்து வெச்சுக்கினுதான் இதை எழுதறேன். உன் கையெழுத்துதான், பாரு:

பிப்ரவரி 9: வால் 1. வேகமாகப் போயிற்று.
பிப்ரவரி 16: வெள்ளை வயிறு 1.
மார்ச் 2: கால் 2. (ஒரே பறவையாக இருக்கலாம்.)

ஒரு முழுப் பறவையை நீ இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. ஒரு கண்ணு பறவை மேல, ஒரு கண்ணு கொயந்தை மேல. தப்புன்னு சொல்லல. ஆனா இப்படி வாலும் வயிறுமா அனுப்பறவ "மயில்கழுத்து 1"ன்னு எழுதினா நான் இன்னான்னு நினைக்கறது? மீதி மயிலு புதருக்குப் பின்னாடி நிக்குதுன்னு நினைச்சேன். கழுத்து மட்டும் தனியா பார்க்குக்கு வருமா?

எடுத்துடுன்னு சுலபமா சொல்லிட்ட. திருத்தற படிவத்துல "தவறாகப் பதிந்த பறவை", அதுக்குப் பக்கத்துல "சரியான பறவை"ன்னு ரெண்டு கட்டம் இருக்குது. ரெண்டாவது காலியா இருந்தா அன்னிக்கு ஏத்துன சீட்டையே தூக்கிடுவாங்க. நீயும் நானும் ஒரே அணி, ஒரே சீட்டு. அதே 9-ஆம் தேதி நான் ஏரிக்கரையில மூணு மணி நேரம் நின்னு எண்ணின நீலச்சிறகி வாத்து இருநூத்திப் பன்னெண்டும் உன் மயிலோட சேர்ந்து போயிடும். நான் விடமாட்டேன்.

அந்தக் கழுத்து யாரோடதுன்னு சொல்லு. உடனே மாத்தறேன்.

துளசி

பி.கு. என் பெரியவன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கல. இப்போ செல்போன் கடை வெச்சிருக்கான், மூட வைக்க முடியல. சும்மா எழுதறேன், உனக்காக இல்ல.

*

சின்ன காஞ்சிபுரம்
26.3.2025

துளசி அவர்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை பூவிழி பேனா மூடியை வாயில் போட்டாள். இரண்டாவது தடவை மூடியைக் காணவில்லை, விழுங்கிவிட்டாள் என்று நினைத்து நாங்கள் பாதி வழி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மூடி இவர் சட்டைப்பையில் இருந்தது. இது மூன்றாவது.

கால் 2 என்பது உண்மையிலேயே ஒரே பறவையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அதை விடுங்கள்.

9-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணி இருக்கும். புங்க மரத்துக்குக் கீழே சருகு குவிந்திருக்கும் இடம். சருகை யாரோ புரட்டுகிற சத்தம். திரும்பினேன். அதே நேரம் பூவிழி கை நிறைய மண்ணை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அந்தப் பக்கம் ஓடினேன். மொத்தத்தில் இரண்டு நொடி பார்த்திருப்பேன். அந்த இரண்டு நொடியைச் சொல்கிறேன். நான் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டியவள். எனக்கு அந்த பாஷைதான் வரும்.

பாவு பச்சை, ஊடை நீலம் போட்டு நெய்தால் ஒரு பக்கம் திருப்பினால் பச்சையும் மறுபக்கம் திருப்பினால் நீலமுமாக அடிக்குமே, அதுதான் மயில்கழுத்து. அந்தக் கலர் தோள்பட்டையில் ஒரு கைக்குட்டை முனை அளவு. உடம்பு சந்தனக் கலர். முந்தானை கட்டை, அதாவது வாலே இல்லை என்று சொல்லலாம். வாலுக்கு அடியில் மிளகாய்ப்பழச் சிவப்பு. அந்தச் சிவப்பு பறவையுடையதா, பக்கத்தில் கிடந்த பிஸ்கட் உறையுடையதா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஒருவேளை மீன்கொத்தியோ என்று நினைத்தேன். ஆனால் பூங்காவில் தண்ணீர் என்று இருப்பது கண்ணாயிரத்தின் பிளாஸ்டிக் குடம் மட்டும்தான்.

பூங்கா இன்னும் திறக்கவில்லை. தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறோம். பூவிழி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பாள். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போனதுபோல் இருக்கிறது.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழந்தைக்கு வீசிங் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான்கு நாளாகக் கவனிக்கிறேன். மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, "வீ...ட்யூ" என்று ஒரு சத்தம் வருகிறது. நெஞ்சிலிருந்து வருகிறதா, தொண்டையிலிருந்தா தெரியவில்லை. டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரக் கடைசியில்தான் பார்க்கமுடியும். இவர், "பசிக்கிறது, சாப்பிடுகிறாள், ஒண்ணும் இருக்காது" என்கிறார். ஒன்றும் இருக்காது என்று சொல்வதற்கு இவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை.

துர்கா

*

தென்னேரி
29.3.2025

துர்கா,

கடுதாசி முழுக்கச் சாம்பாரு. பாதிக் கடுதாசியை மோந்துதான் படிச்சேன். அவன்கிட்ட சொல்லி மேல் பையில வைக்கச் சொல்லு.

வீசிங்கா? நாலு நாளா வெச்சுக்கினு இன்னா பண்றே? இத்தோட கற்பூரவல்லி இலை அனுப்பறேன், எங்க கொல்லையில பறிச்சது. ரெண்டு இலையைத் தணல்ல வாட்டி, சாறு பிழிஞ்சு, தேன்ல குழைச்சு நாக்குல தடவு. ரெண்டே இலை. நீ பயத்துல எட்டு இலை பிழிவே, எனக்குத் தெரியும். தலைக்கு ஊத்தாதே. கேட்டாண்ட நிக்கிறதை நிறுத்து, ரோட்டுத் தூசி. இல்ல, நிறுத்தாதே, அதுக்கும் பார்க்க வேற இன்னா இருக்குது. வாயில துணி கட்டிக் கூட்டிக்கினு போ. கட்டினா மூச்சு முட்டுமா? கட்டாதே.

நானே வந்து பார்த்திருப்பேன். கற்பூரம் ஏத்திட்டேன்.

கழுத்து விஷயம். நீ எழுதுனதைப் படிச்சா புடவை எடுக்கணும்னு ஆசை வருதே தவிர பறவை தெரியல. தோள்ல நீலம்னா பனங்காடையா இருக்கும்னு நினைக்கறேன். ஆனா அது கம்பி மேல உட்கார்ற ஜாதி. சருகைக் கிளறாது. வாலும் இருக்குது. ஆக, அதுவும் இல்ல.

சீக்கிரம் கண்டுபிடி. ஏரியில நீலச்சிறகி இருநூத்திப் பன்னெண்டுல இப்போ நாப்பதுதான் மிச்சம். ஊசிவால் வாத்து ஒண்ணுகூட இல்ல. மஞ்சள் வாலாட்டி எல்லாம் கல்யாணத்துக்குப் போறாப்போல மஞ்சளா மாறி நிக்குது, நாளைக்கோ நாளன்னைக்கோ கிளம்பிடும். எல்லாம் மூட்டை கட்டிக்கினு இருக்குது. உன் கழுத்துக்காரனும் வெளியூருன்னா, அவனும் போயிடுவான். போயிட்டா நீயும் நானும் மயிலோட இருக்க வேண்டியதுதான்.

துளசி

டாக்டர் இன்னா சொன்னாருன்னு மட்டும் எழுது. வேற எதையும் எழுதலன்னாலும் பரவாயில்ல.

*

சின்ன காஞ்சிபுரம்
6.4.2025

அண்ணிக்கு,

(பழக்கதோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விடுகிறேன்.)

நேற்று டாக்டரைப் பார்த்தோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார். பூவிழி குழாயைப் பிடுங்கி அவர் நெஞ்சில் வைத்தாள்.

"எப்பப்பம்மா வருது?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு சார்."

"தினமுமா?"

"தினமும்."

"வேற நேரத்துல?"

"வராது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெஞ்சு சுத்தமா இருக்குது. வீசிங் வாட்ச் பார்த்துக்கினு வராதும்மா. நீங்க நல்லா தூங்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார். இவர் பின்னால் நின்று சிரித்ததை நான் மறக்கப்போவதில்லை.

நான் ஆதாரமில்லாமல் பேசுகிறவள் இல்லை. குறித்துவைத்த அட்டவணையை எடுத்துக் காட்டினேன். உங்களுக்கும் இத்தோடு எழுதுகிறேன்:

30.3: 6.01 மணி, 3 தடவை.
31.3: 5.58, 2 தடவை.
1.4: 6.00, 5 தடவை.
2.4: வேலை இருந்தது, கேட்டுக்குப் போகவில்லை. சத்தமும் இல்லை.
3.4: 5.59, 4 தடவை.
4.4: 6.02, 6 தடவை. நடுநடுவே நிறுத்தி, காது கொடுத்துக் கேட்பதுபோல் நிற்கிறாள். மூச்சுத் திணறலாக இருக்குமோ?

டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். பறவை எண்ணுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் இவரிடம் மட்டும்தான் பேசினார்.

பேச்சு வராததைப் பற்றியும் கேட்டேன். இரண்டு வயது வரை பார்க்கலாம், அதற்குள் வராவிட்டால் சென்னையில் ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார். அந்த ஒருவரின் பேரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். அதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். தினமும் அரிசி எடுக்கும்போது பார்க்கிறேன். வேறு டப்பாவில் வைத்திருக்கலாம்.

கண்ணாயிரத்திடம் தூசியால் இருக்குமா என்று கேட்டேன். "தூசியும் இல்ல ஒண்ணும் இல்ல. கொயந்த யாருக்கோ விசிலடிக்குதும்மா. இப்பவே இப்படின்னா பெரிசானா கஷ்டம்தான்" என்றார். மனிதருக்கு எல்லாம் விளையாட்டு.

கற்பூரவல்லி கொடுத்தேன். இரண்டு இலைதான். (மூன்று.)

துர்கா

*

தென்னேரி
8.4.2025

அடியே துர்கா,

உட்கார்ந்துக்கினு படி. கொயந்தையை இடுப்புல வெச்சுக்கினு படிக்காதே.

உன் அட்டவணையை நான் ஒரு தடவை படிச்சேன். ரெண்டாம் தடவை எங்க வூட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். மூணாம் தடவை படிக்கறப்போ கையில இருந்த டீயைக் கீழே ஊத்திட்டேன்.

மணியைப் பாருடி. ஆறு. ஆறு. ஆறு. பி.எஸ்ஸி. படிச்சவளே, அட்டவணை போட்டியே, அதுல இருக்கற மணியைப் படிச்சியா?

ஆறுமணிக்குருவி!

பேரே அதுதான். விடிகாலை ஆறு, சாயங்காலம் ஆறு, ரெண்டு வேளையும் ரெண்டே ரெண்டு சுரத்துல விசிலடிக்கும். வீ...ட்யூ. குளிருக்கு இங்க வந்து, சித்திரை வாக்குல வடக்கே திரும்பிடும். சருகைக் கிளறும். வாலு இருந்தும் இல்லாத மாதிரி. படத்தை எடுத்துப் பார்த்தேன்: உடம்பு சந்தனம், தோள்ல உன் மயில்கழுத்து, அடியில மிளகாய்ப்பழம். பிஸ்கட் உறை இல்லடி, அதுதான் பறவை.

கொயந்தைக்கு வீசிங்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது உள்ள இருந்து கூப்பிடுது, இவ கேட்டாண்ட நின்னு பதில் சொல்றா. நிறுத்தி நிறுத்திக் கேட்கறாளே, அது மூச்சுத் திணறல் இல்ல. எதிராளி பேசறப்போ வாயை மூடிக்கினு கேட்கறா. நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இருக்கற மொத ஆளு அவதான். காது நல்லா இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல? எவ்ளோ நல்லா இருக்குதுன்னு அவருக்கே தெரியல.

அந்தச் சத்தம் உனக்கு ஏன் கேக்கலன்னு கேட்காதே. நீ கொயந்தை நெஞ்சுல காதை வெச்சுக்கினு இருந்திருப்ப.

இப்போ சட்டம். சத்தத்தை மட்டும் வெச்சு எழுதினா இன்னொரு பெரியவங்க கையெழுத்து வேணும். ஞாயித்துக்கிழமை 13-ஆம் தேதி நான் வரேன். உன்னைப் பார்க்க வரல. குருவியைப் பார்க்க வரேன். நீ அங்க நிப்பே, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பேச்சு கிடையாது.

கண்ணாயிரத்தைச் சரிக்கட்டு.

துளசி

*

சின்ன காஞ்சிபுரம்
10.4.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பூவிழியைத் தூக்கி, நெஞ்சில் காது வைக்காமல் சும்மா வைத்துக்கொண்டேன்.

ஏற்பாடுகள்:

கண்ணாயிரம் ஞாயிறு ஐந்தரைக்கு கேட்டைத் திறப்பார். மயிலைப் பிடித்துக் கொண்டுபோகத்தான் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

நாளைக்குப் பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் கூட்டம் ஞாயிறு வரை இருந்தால் பஸ் சுற்றிக்கொண்டுதான் வரும். முன்னாலேயே கிளம்புங்கள்.

பேசாமல் பறவையைக் காட்ட வழி: இடது பக்கம் இருந்தால் இடது காதைத் தொடுவது. வலது பக்கம் இருந்தால் வலது காது. தரையில் இருந்தால் மூக்கு. மரத்தில் இருந்தால் நெற்றி. அபாயம் என்றால், அதாவது பூவிழி எதையாவது வாயில் போட்டால், இரண்டு கையையும் தூக்குவது.

நான்கு மணிக்கு வீட்டில் கேசரியும் வடையும் இருக்கும். வாருங்கள் என்று சொல்லவில்லை. இருக்கும் என்று மட்டும் எழுதுகிறேன்.

துர்கா

*

சின்ன காஞ்சிபுரம்
16.4.2025

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை சத்தியத்தை முதலில் முறித்தது நான்தான் என்று நீங்கள் இவரிடம் சொல்லியனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். படிவத்தில் இரண்டு கட்டமும் இருக்கட்டும்.

நாம் இருவரும் சிமென்ட் பெஞ்சின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்தோம். நடுவில் பூவிழி. கொசு கடித்ததால் நான் வலது காதைச் சொறிந்தேன், நீங்கள் எழுந்து வலது பக்கம் பத்து நிமிடம் தேடினீர்கள். அதற்கு என்னை முறைத்தது நியாயமில்லை. கண்ணாயிரம் நம்மை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாவம், நல்லா பேசிக்கினு இருந்த அம்மாவுக்கும் போயிடுச்சா, ரெண்டு பேருக்குமே பேச்சு வராதா? கொயந்தைக்கு வராததுல ஆச்சரியமே இல்லப்பா" என்று இவரிடம் சொன்னார். இவர், "வரும், ஆனா வராது" என்றார்.

6.02. புங்க மரத்தடியிலிருந்து "வீ...ட்யூ".

பூவிழி உதட்டைக் குவித்தாள். "வீ...ட்யூ."

உள்ளேயிருந்து மறுபடி அது. மறுபடி இவள். நீங்கள் மூக்கைத் தொட்டீர்கள். நானும் தொட்டேன். சருகு மேல் அது தத்தித் தத்தி வெளியே வந்து நின்றது. அண்ணி, நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பறவையை முழுசாகப் பார்த்தேன். தலை, கண்ணுக்கு மை போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு, தோள், இல்லாத வால், அதற்கடியில் அந்தச் சிவப்பு. கால் 2, ஒரே பறவை, சந்தேகமே இல்லை.

அப்போதுதான் பூவிழி பெஞ்சிலிருந்து இறங்கி, விரலை நீட்டி, அதைப் பார்த்துச் சொன்னாள்.

"மயில்."

நான் "அய்யோ" என்றேன். அய்யோ பேச்சில் சேராது. அது தானாக வருவது. நீங்கள் அதற்குப் பிறகு, "துர்கா, மயிலுன்னு சொன்னாடி! மயிலுன்னு சொன்னா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். அதில் என் பேர் இருக்கிறது. ஆக முதலில் முறித்தது யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, அழுதுகொண்டிருந்தேன். கண்ணாயிரம்தான் குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தார். "மயிலு எங்கம்மா?" என்று அப்போதும் கேட்டார்.

எங்கே கற்றுக்கொண்டாள் என்று இரண்டு நாளாக யோசித்தேன். "அம்மா" என்று அவளுக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் உங்களோடு சண்டை வந்ததிலிருந்து இந்த வீட்டில் "மயிலாம் மயில்!", "அந்த மயிலை எடுக்கச் சொல்லுங்க உங்க அக்காவை!", "மயிலாலதானே எல்லாம்!" என்று ஐம்பது தடவையாவது கத்தியிருப்பேன். சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு, கத்தியதைப் பிடித்துக்கொண்டாள். என் மகள்தான்.

இப்போது காகமும் மயில். எல்லம்மாளும் மயில். இவர் மயில், மிக்ஸியும் மயில். நான் மட்டும் இன்னும் மயிலாகவில்லை, ஆனால் நேற்று என்னைப் பார்த்து "ம..." என்று ஆரம்பித்தாள். அந்த "ம" எதற்கு என்று கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டால் மயில் என்றுவிடுவாள். கடைசி எழுத்து வரை சுத்தமாகச் சொல்கிறாள், அண்ணி. அந்த "ல்" இருக்கிறதே, அதைக் கேட்பதற்காக நான் ஏதாவது ஒன்றை அவளுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அரிசி டப்பாவிலிருந்த சீட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். தூக்கிப் போடவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஒரே ஒரு வருத்தம். திங்கட்கிழமையும் அது வந்தது. நேற்று வரவில்லை. இன்றும் இல்லை. போய்விட்டது போலிருக்கிறது. கண்ணாயிரம் இப்போது கேட்டைப் பூட்டுவதில்லை, உள்ளே போய்ப் புங்க மரத்தடியில் நின்று, பூவிழி விசிலடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது வடக்கே போய்விட்டது, குளிருக்கு வரும் என்று எப்படிச் சொல்வது? நானே விசிலடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

துர்கா

*

தென்னேரி
18.4.2025

துர்காவுக்கு,

மொத விஷயம் மொதல்ல. படிவத்தை அனுப்பிட்டேன். தவறாகப் பதிந்த பறவை: மயில் 1. சரியான பறவை: ஆறுமணிக்குருவி 1. மொதல்ல கேட்டவர், பார்த்தவர்: கு. பூவிழி. வயசுக் கட்டத்துல ஒண்ணுன்னு போட்டேன், கம்ப்யூட்டர் ஒத்துக்கல, மறுபடி போட்டேன், மறுபடி ஒத்துக்கல. அப்புறம் உன் பேரைப் போட்டு, குறிப்புல எல்லாத்தையும் எழுதிட்டேன். கணக்கு ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, "கழுத்து இதனுடையதுன்னு எழுதியிருக்கீங்களே, எந்தக் கழுத்து மேடம்?"னு கேட்டாங்க. அது பெரிய கதைப்பான்னு வெச்சுட்டேன். நீலச்சிறகி இருநூத்திப் பன்னெண்டும் பத்திரமா இருக்குது.

ஒண்ணு தெளிவா இருக்கட்டும். அது மயிலுன்னு என் மருமக சாட்சி சொல்லிட்டா. நான் ஏத்துனது தப்புன்னு இனிமே யாரும் பேசக்கூடாது.

சத்தியத்தை முறிச்சது நான்தான். சரி. கொயந்தை பேசறப்போ நான் வாயை மூடிக்கினு நின்னிருந்தேன்னா, அப்படிப்பட்ட சத்தியத்தை எந்தச் சாமி கேட்டுது? நேத்து ஒரு தேங்காய் உடைச்சுக் கணக்கைத் தீர்த்துட்டேன். உன் பல்லி விவகாரத்தை நீயே பார்த்துக்கோ.

இங்கயும் ஏரி காலி. கடைசி நீலச்சிறகியும் போயாச்சு. தகைவிலான் ரெண்டு மூணு கம்பியில உட்கார்ந்துக்கினு இருக்குது, அதுவும் பஸ்ஸைத் தவற விட்ட ஆளுங்க மாதிரி. ஆறு மணிக்குக் கரையில நின்னா தண்ணிச் சத்தம் மட்டும்தான்.

நீ எழுதுனதைப் படிச்சதுல இருந்து எனக்கு அந்தக் கொயந்தை திரும்பிப் பார்த்ததுதான் கண்ணுல நிக்குது. பத்தொன்பது மாசம் கழிச்சு அது பேச்சுக்கு ஒரு ஆளைப் பிடிச்சுது, அந்த ஆளும் சொல்லிக்காம போயிட்டான். அப்படி விட்டுட முடியாது. அதனால ரெண்டு நாளா ஏரிக்கரையில நின்னு விசிலடிக்கக் கத்துக்கினு இருக்கேன். நேத்து காலையில காத்துதான் வந்துது, உனக்கு வந்தாப்போல. நேத்து சாயங்காலம் எச்சி வந்துது. இன்னிக்குக் காலையில "வீ" வந்துடுச்சு. எங்க வூட்டுக்காரரு தலையில அடிச்சுக்கினு உள்ளே போயிட்டாரு. கரையில போன நாலு பேரு திரும்பிப் பார்த்தாங்க, பார்க்கட்டும்.

ஞாயித்துக்கிழமை வரேன். குருவைக் கடுதாசி எடுத்துக்கினு வர வேணாம்னு சொல்லு, இனிமே அவன் புறா இல்ல. கேசரியில போன தடவை முந்திரி கம்மி, அதை வாயால சொல்லணும்னு ஒரு வாரமா அடக்கிக்கினு இருக்கேன்.

நீ கொயந்தையை ஆறு மணிக்கு முன்னாடியே கேட்டாண்ட கூட்டிக்கினு வந்துடு. நான் புங்க மரத்துக்குப் பின்னாடி நிக்கிறேன். அவ விசிலடிச்சதும் "வீ" நான் குடுத்துடுவேன். "ட்யூ" இன்னும் வரல, அதுக்குள்ள வந்துடும். வரலன்னா, நீ பக்கத்துல இருந்து அதைப் போடு.

உன் அண்ணி,
துளசி